சைக்கிள் ‘கடகட’ங்குதா? செயினை மாத்தறதுக்கு முன்னாடி காது கொடுங்க!

காலை ஷிஃப்டுக்கு பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என, திருப்பூரில் கியர் இல்லாத சைக்கிள்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. சத்தம் வந்தால் முதலில் காதில் விழுவது, ‘செயின் போச்சு, மாத்திடு’ என்பதுதான். பல நேரம் செயின் மேல் தப்பே இருக்காது.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். மிதிப்பதை நிறுத்தியும் உரசல் தொடர்ந்தால், மட்கார்டையும் பிரேக் கட்டையையும் பாருங்கள். (அப்போது ஃப்ரீவீல் ‘டிக்டிக்’ என்பது இயல்புதான்.) பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’ கேட்டால், காட்டர் பின் தளர்ந்திருக்கலாம், பெடலாகவும் இருக்கலாம். காட்டர் பின்னைக் கவனிக்காமல் விட்டால் ஆக்சிலையே தின்றுவிடும். இரண்டு, இரண்டரைச் சுற்றுக்கு ஒரு ‘டக்’ என்றால், செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது.

‘கடகட’ சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், தொய்ந்த செயின் கவரில் இடிப்பதுதான். பள்ளத்தில் இறங்கும்போது நடுரோட்டில் கழன்று விழுவதும் இதே செயின்தான். நடுவில் விரலால் தூக்கினால் அரை இஞ்ச் ஆடலாம். அதற்கு மேல் ஆடினால், பின்வீல் நட்டுகளைத் தளர்த்தி, வீலைப் பின்னுக்கு இழுத்து, கோணாமல் வைத்து முடுக்க வேண்டும். முன்பக்கப் பல்சக்கரம் அச்சு வட்டமாக இருக்காது. அதனால் பெடலைச் சுற்றி, செயின் அதிகம் இறுகும் இடத்தில் வைத்து அளப்பது நல்லது.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஸ்கேல் போதும். 24 கண்ணிகள் சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். 12⅛ இஞ்ச் வந்தால் மாற்றத்தான் வேண்டும். ஃப்ரீவீல் பல்லும் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து.

இந்த ஊருக்கென்றே ஒரு சிக்கல், பஞ்சுத் தூசி. எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்புக் களிம்பாகிச் செயினை அரைக்கும். அதன் மேலேயே எண்ணெய் ஊற்றுவதில் பயனில்லை. மண்ணெண்ணெய் தொட்ட பனியன் வேஸ்ட்டால் துடைத்து, காய்ந்ததும் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தையல் மெஷின் ஆயில் பரவாயில்லை, ஆனால் ஒரு மழைக்குப் போய்விடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்கு பிடித்துவிடும்.

துடைக்கும்போது செயின் ஓடக் கூடாது. துணியோடு விரலையும் பல்சக்கரம் இழுத்துக்கொள்ளும்.