வானமும் நாமும்: கொல்லைப்புறத்தில் ஒரு விண்முகில்



தை மாதத்து இரவொன்றில், இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது கிழக்கு வானை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். சற்றே உயரத்தில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கக் காண்பீர்கள். அல்நிதாக், அல்நிலாம், மின்தகா என்பன அவற்றின் பெயர்கள். மூன்றும் அரபுப் பெயர்களே. இடைக்கச்சை என்றும் முத்துச்சரம் என்றும் பொருள் தரும் சொற்களிலிருந்து பிறந்து, இன்று உலகத்தார் அனைவரும் வழங்கும் பெயர்களாகிவிட்டன. அவற்றிற்குச் சற்றுத் தெற்கே மங்கலாகச் சில புள்ளிகள் தெரியும். அவற்றுள் நடுவில் இருப்பது வெறும் விண்மீன் அன்று. அது ஒரு முகில். ஓரியன் நெபுலா என்று வானியலார் அழைக்கும் அந்த விண்முகிலில் இன்றும் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அது ஏறத்தாழ 1,340 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்றிரவு நம் கண்ணை எட்டும் அதன் ஒளி, ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் புறப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த முகிலை நம் வீட்டிலிருந்தே படம் பிடிக்க இயலுமா? தெருவிளக்கும் கடைவிளக்கும் கண்ணைப் பறிக்கும் வாசுதேவநல்லூர் போன்ற ஊரின் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு இது ஆகிற காரியமா? ஆகும் என்பதே என் துணிபு. ஆனால் எது ஆகும், எது ஆகாது என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

விண்முகிலை முதன்முதலில் படம் பிடித்தவர் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30 அன்று இதே ஓரியன் முகிலை 51 நிமிடம் ஒளிபடச் செய்து எடுத்தார். இரண்டாண்டுக்குச் சற்று மேல் கழித்து, 1883 ஜனவரியில், ஆண்ட்ரூ காமன் என்ற ஆங்கிலேயர் 37 நிமிடத்தில் அதனினும் சிறந்த படத்தை எடுத்தார். கண்ணுக்கே தெரியாத விண்மீன்களும் அப்படத்தில் பதிந்திருந்தன. காமனின் தொழில் சுகாதாரப் பொறியியல். அவர் படமெடுத்த இடமோ மலையுச்சி அன்று. லண்டன் புறநகரான ஈலிங்கில் இருந்த அவருடைய வீட்டுத் தோட்டம்! அங்கு 36 அங்குலத் தொலைநோக்கியைத் தாமே நிறுவியிருந்தார். அடுத்த ஆண்டே அரச வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

அவர் காலத்து ஈலிங்கில் இன்றுபோல் ஒளிவெள்ளம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அவருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. அதைக் கூறுமுன், முகில் எவ்வாறு ஒளிர்கிறது என்பதை அறிய வேண்டும். அதனுள் இருக்கும் இளம் விண்மீன்களின் கடுங்கதிர் பட்டு ஹைட்ரஜன் வாயு ஒளிர்கிறது. அவ்வொளி எல்லா நிறங்களிலும் பரவுவதில்லை. ஹைட்ரஜனின் சிவப்பு 656 நானோமீட்டரிலும், ஆக்சிஜனின் பசுமை 501 நானோமீட்டரிலும் மெல்லிய கோடுகளாக நிற்கின்றன. ஆகவே, அந்தக் கோடுகளை மட்டும் உள்ளே விட்டு ஏனையவற்றைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றைக் கேமராவுக்கு முன் பொருத்தினால், விளக்கொளியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கே உள்ளே நுழையும். முகிலின் ஒளியோ பெரும்பாலும் தப்பி வந்துவிடும்.

பழைய சோடியம் விளக்குகள் இவ்வகையில் நமக்கு நண்பர்கள் எனலாம். அவற்றின் ஒளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியிலேயே அடங்கியிருந்ததால் அதை விலக்குவது எளிது. இப்போது எங்கும் பரவிவிட்ட வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் எல்லா நிறங்களையும் வாரி இறைக்கின்றன. அவற்றிலுள்ள நீல ஒளி காற்றில் மிகுதியாகச் சிதறி வானத்தையே வெளுக்கச் செய்கிறது. மின்சாரம் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மிச்சத்தை இன்னும் இரண்டு விளக்கு கூடுதலாகப் போட்டுச் செலவழிக்கும் வழக்கம் எனக்குப் பிடித்தமானதன்று.

வடிகட்டி விலை மிகுந்த பொருள். தொடக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். வீட்டில் பழைய டிஜிட்டல் கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்சும் முக்காலியும் இருந்தால் போதும். பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. ஐந்து விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் அவை கோடாக இழுபட்டுவிடும். எனவே ஐந்து விநாடிப் படங்களாக நூறோ இருநூறோ எடுங்கள். டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் என்னும் கணினி நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை அத்தனை படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காணும். நூறு படங்களை அடுக்கினால் படத்திலுள்ள புள்ளிக் குழப்பம் பத்தில் ஒன்றாகக் குறைந்து முகில் துலங்கும். காமனுக்கு இல்லாத வசதி என்றேனே, வடிகட்டியோடு இதுவும் சேர்ந்ததுதான். அவர் ஒரே தகட்டில் 37 நிமிடம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாளும் நேரமும் முக்கியம். நிலவு எந்தத் தெருவிளக்கையும் மிஞ்சிய விளக்கு. ஆதலால் பிறை 25 முதல் அடுத்த மாதம் பிறை 4 வரையுள்ள இரவுகளே உகந்தவை. ஜனவரி நடுவில் இரவு பத்தரை மணியளவிலும், பிப்ரவரி நடுவில் எட்டரை மணியளவிலும் ஓரியன் முகில் உச்சிக்கு வருகிறது. வாசுதேவநல்லூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 9 பாகை வடக்கே இருப்பதால், அம்முகில் அங்கு ஏறத்தாழ 75 பாகை உயரம் ஏறும். காற்றும் தூசியும் ஒளிமாசும் மிகக் குறைவாகத் தடுக்கும் இடம் தலைக்கு மேலான அவ்விடமே. மேற்கே மலைத்தொடர் வானத்தின் அடிப்பகுதியை மறைத்தாலும், அப்பக்கம் விளக்கில்லாக் காடாக இருப்பது நற்பேறு. குற்றாலச் சாரல் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மட்டும் கேமராவைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒளிரும் முகில்களுக்குத்தான் வடிகட்டி உதவும். விண்மீன் ஒளியை வெறுமனே எதிரொளிக்கும் தூசு முகில்களும், ஆண்ட்ரோமிடா போன்ற விண்மீன் மண்டலங்களும் எல்லா நிறத்திலும் ஒளி தருபவை. அவற்றை விளக்கொளியிலிருந்து பிரித்தெடுக்க எந்தக் கண்ணாடிக்கும் இயலாது. அந்த ஆண்ட்ரோமிடாவைச் ‘சிறு முகில்’ என்று கி.பி. 964 வாக்கில் தம் விண்மீன் நூலில் முதன்முதலாகக் குறித்து வைத்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. அவரிடம் தொலைநோக்கியும் இல்லை, கேமராவும் இல்லை. இருண்ட வானம் இருந்தது. இன்று அந்த வானத்தைத் தேடி ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்கும் லடாக்கின் ஹான்லேவுக்கும் வானியலார் செல்கின்றனர்.

நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. வாசல் விளக்கின் மேல் ஒரு தகர மூடியைப் பொருத்தினால் ஒளி தரையில் விழும், வானுக்குப் போகாது. படமெடுக்கும் ஒரு மணி நேரம் மட்டும் வெளிவிளக்கை அணைத்து வைக்கும்படி பக்கத்து வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டதோடு நில்லாமல் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதுவரை கைப்பேசியை வெளியே எடுக்க விடாதீர்கள். படத்தில் காணும் சிவப்பையும் நீலத்தையும் நேரில் காண இயலாது என்பதையும் முன்னரே சொல்லிவிடுங்கள். கண்ணுக்கு அது சாம்பல் நிறப் புகையே.

ஓரியன் பழகிவிட்டால், ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பதரை மணிக்கு நேர்த்தெற்கே திரும்புங்கள். தொடுவானிலிருந்து 21 பாகை உயரத்தில் கரீனா முகில் நிற்கும். ஓரியனினும் பெரியது, நம் தென்கோடியில் உள்ளவர்களுக்கு எளிதில் வாய்ப்பது. ஈலிங் தோட்டத்தில் 36 அங்குலக் கருவி வைத்திருந்த காமனுக்கு அது ஒருநாளும் உதித்ததில்லை.