எத்தீமுக்கு வேண்டுவது மாடியா, மடியா?

ரமளான் தலைப்பிறை தென்பட்டதும் நம் வீட்டு வாயில்களுக்கு ரசீதுப் புத்தகங்கள் வந்து சேர்கின்றன. எத்தீம்கானாவுக்கு இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, புதிய உணவுக்கூடம்! எத்தீமைப் பொறுப்பேற்றவரும் தாமும் சுவனத்தில் இரு விரல்களைப் போல் நெருங்கியிருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் நவின்ற செய்தி ரசீதின் தலைப்பில் அச்சாகியிருக்கும். நாமும் நெகிழ்ந்து கொடுக்கின்றோம். கொடுத்த கையோடு பொறுப்பும் தீர்ந்ததென்று எண்ணிக்கொள்கின்றோம். இந்த எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு.

அந்த ஹதீஸில் வரும் சொல் 'காஃபில்'. நன்கொடையாளர் என்பது அதன் பொருளன்று. இவ்வேரிலிருந்து பிறந்த வினையைத் திருக்குர்ஆன் ஆளும் இடங்களைப் பாருங்கள். ஆல இம்ரான் அத்தியாயத்தில், மர்யம் (அலை) அவர்களை ஜகரிய்யா (அலை) அவர்கள் தம் பொறுப்பில் ஏற்கின்றார்கள். கஸஸ் அத்தியாயத்தில், குழந்தை மூஸா (அலை) அவர்களை ஏற்று வளர்க்க ஆள் தேடப்படுகின்றது. அங்கே அந்த வினைக்கு எழுவாய் 'ஒரு வீட்டார்'. அந்த வீடும் யாருடையது? பெற்ற தாயின் வீடேதான்! தன் மகனுக்குத் தானே பாலூட்டுவதற்கு அந்த அன்னைக்கு அரண்மனையிலிருந்து கூலியும் கிடைத்தது என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். நம் ஆலிம்கள் இந்த இடத்தில் இன்னும் சற்று நின்று போகலாம்.

எத்தீமாகவே பிறந்த நம் நாயகம் (ஸல்) அவர்கள் எங்கே வளர்ந்தார்கள்? ஹலீமா (ரலி) அவர்களின் கூடாரத்தில்; ஆறு வயதில் அன்னையை இழந்தபின் பாட்டனார் வீட்டில்; எட்டு வயதுக்குப்பின் அபூதாலிபின் வீட்டில், பாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்களின் கையால் உண்டு.

இனி மணலி புதுநகருக்கு வருவோம். ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகளாகவும், துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர்களாகவும் நம்மவர் பலர் இங்கே பிழைக்கின்றனர். 2015இலும் 2023இலும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து பாத்திரம் பண்டம் அனைத்தையும் கொண்டுபோன பகுதி இது. அப்படிப்பட்ட ஒரு குடும்பத் தலைவர் விபத்தில் மவுத்தாகிவிட்டால் என்ன நடக்கின்றது? விதவை இத்தாவில் இருக்கும்போதே ஜமாஅத்துப் பெரியவர்கள் கூடுகின்றனர். "பெரியவனை எத்தீம்கானாவில் சேர்த்துவிடுவோம், ஒரு வயிறு குறையும்" என்று முடிவாகின்றது. திரைக்குப் பின்னாலிருக்கும் தாயிடம் எவரும் கேட்பதில்லை. அத்தாவை இழந்த பிள்ளை, நாற்பது நாளைக்குள் உம்மாவையும் இழக்கின்றான். பெருநாளைக்கு வரும்போது தன் வீட்டிலேயே விருந்தாளிபோல் வாசலில் நிற்கும் சிறுவர்களை என் மக்தபில் கண்டிருக்கின்றேன்.

இஃது நம் சமுதாயத்துக்கு மட்டுமுள்ள நோயன்று. 2020இல் கொரோனா பரவியபோது, இராயபுரத்து அரசினர் சிறுவர் இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குத் தொற்று கண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே தலையிட்டு விளக்கம் கேட்டது. அவ்வழக்கில் அவ்வாண்டு டிசம்பரில் வெளிப்பட்ட கணக்கைக் கேளுங்கள்: நாடெங்கும் இல்லங்களில் இருந்த 2,27,518 பிள்ளைகளில் 1,45,788 பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பப்பட்டிருந்தனர். ஏறத்தாழ மூன்றில் இருவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு வாசல் இருந்திருக்கின்றது! அவர்களை வெளியே அனுப்பியதில் பெரும்பங்கு வறுமைக்குரியது என்றால் யார் மறுப்பார்?

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கின்றது. அதன் 45ஆம் பிரிவு கூறும் நிதி ஆதரவுக்கு உரியவர்களில் முதலில் எண்ணப்படுபவள் விதவையான, அல்லது கைவிடப்பட்ட தாய். அடுத்து, உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற பிள்ளை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கென மாதம் 4,000 ரூபாய் வகுத்திருக்கின்றனர். தாயுமில்லை, உறவுமில்லை என்றால் 44ஆம் பிரிவின் வளர்ப்புப் பராமரிப்பு இருக்கின்றது: குழந்தைகள் நலக் குழு ஆராய்ந்து, தகுந்த குடும்பமொன்றில் பிள்ளையை ஒப்படைக்கும்.

"தத்து நமக்கு ஆகாதே" என்பார்கள். ஆகாதுதான். ஆனால் வளர்ப்புப் பராமரிப்பு தத்தன்று. நஸபு மாறுவதில்லை, அஹ்ஸாப் அத்தியாயம் கட்டளையிட்டவாறு தந்தையின் பெயரே நிலைக்கின்றது. 1989இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 20ஆம் விதியில் வளர்ப்புப் பராமரிப்பை அடுத்து 'கஃபாலா' என்ற நம் சொல்லையே எழுதி வைத்திருக்கின்றது. உலகம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதை நாம் ரசீதில் அச்சிட்டு மறந்தோம்!

"பருவமடைந்தால் மஹ்ரம் சிக்கல் வருமே" என்பது நியாயமான கேள்வி. பெண் பிள்ளையாயின் தாய்மாமன் வீடு, ஆண் பிள்ளையாயின் சின்னம்மா வீடு என்று முதலில் உறவுக்குள் தேடினால் பெரும்பாலும் அது தீர்ந்துவிடும். அந்த வீட்டாருக்குத் தேவை பணம். அதைத் தரவே பைத்துல்மால்.

கடினமான பிள்ளைகளும் உண்டு. அடியும் குடியும் கண்டு வளர்ந்தவன், வெள்ளத்தில் வீடிழந்தவன் இரவில் படுக்கையை நனைப்பான், ரொட்டியைத் தலையணைக்கடியில் ஒளிப்பான், தொட்டால் கடிப்பான். நெரிசலான விடுதியில் இதற்குப் பெயர் சேட்டை, மருந்து பிரம்பு. மேனாடுகளில் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே சில குடும்பங்களைப் பயிற்றுகின்றனர். ஆற்றுப்படுத்துநர் ஒருவர் அந்த வீட்டுக்குத் தவறாது வருகின்றார். மறுபுறம் பெற்ற தாய்க்கும் துணை நிற்கின்றனர், பிள்ளை அவளிடமே திரும்பட்டும் என்று. ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்றில், இல்லங்களிலிருந்த 136 மழலைகளில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டுப் பார்த்தனர். வீட்டுக்குச் சென்றவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. இரண்டு வயதுக்குமுன் சென்றவர்களுக்கு இன்னும் மேலாக.

எத்தீம்கானாக்களை இடித்துவிடச் சொல்லவில்லை. எல்லா வாசலும் அடைபட்ட பிள்ளைக்கு அவை இருக்கட்டும். ஆனால் கட்டடத்தில் பெயர்க்கல் பதிக்கலாம். விதவையின் வீட்டு வாடகையில் பதிக்க முடியாது. நம் தர்மம் மாடி மாடியாக உயர்வதற்கு இதுவும் ஒரு காரணமென்று சொன்னால் முத்தவல்லிகள் கோபிக்கக்கூடாது.

நிதி ஆதரவுக்கான விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெறப்படுகின்றது. இறப்புச் சான்று, குடும்ப அட்டை, வருமானச் சான்று, பள்ளிச் சான்று ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். இத்தாவிலிருக்கும் பெண் இவற்றுக்காக அலைய முடியாது. நிக்காஹ் பதிவேடு எழுதும் ஜமாஅத்து எழுத்தரே ஒரு வாரத்தில் இதை முடித்துத் தரலாம். பணம் வந்து சேரும்வரை மாத வாடகையைப் பைத்துல்மாலிலிருந்து கொடுத்துவரலாம்.