பிள்ளையார் பிடிக்கும் கை

மும்பையில் ஆகஸ்டு பிறந்ததும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் பள்ளிகளின் அறிவிப்பு ஒன்று வரத் தொடங்கும்: சுற்றுச்சூழலுக்கு உகந்த கணபதியைக் குழந்தை தன் கையால் செய்து கொண்டுவர வேண்டும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு எளிதில் தோன்றும் வழிகள் இரண்டு. எழுதுபொருள் கடையில் அச்சோடு விற்கும் களிமண் பெட்டியை வாங்கலாம். அல்லது யூடியூபைப் பார்த்து மைதாவும் உப்பும் தண்ணீரும் சேர்த்து வீட்டிலேயே பிசையலாம். இரண்டாவது வழி பாராட்டத்தக்கதே. ஆனால் அது தவறான மாதத்தில் கையாளப்படுகிறது.

உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடியே கசிந்து நிற்கும் ஊரில், மாவுக்குப் பாதியளவு உப்பு சேர்ந்த பொம்மை எவ்வாறு உலரும்? மேற்புறம் இறுகியதுபோல் தோன்றும். சில நாள்களில் தும்பிக்கை தொய்ந்துவிடும், அடிப்பகுதியில் பூஞ்சணம் படரும். குழந்தையோ தன் கைதான் சரியில்லை என்று எண்ணிக்கொள்கிறது.

இதே மாவு டிசம்பரில் வேறு குணம் காட்டும். அப்போது மும்பைக் காற்று ஓரளவு வறண்டிருக்கும். தாராவியின் தமிழ்க் கிறித்தவ வீடுகளில் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கும் காலமும் அதுவே. இரண்டு கோப்பை மைதாவுக்கு ஒரு கோப்பை தூள் உப்பு. தண்ணீரை ஒரு கோப்பைக்கு மிகாமல் சிறுகச் சிறுகச் சேர்த்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பத்து நிமிடம் பிசைய வேண்டும். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டி, நூல் கோக்கும் துளையை உலர்வதற்கு முன்பே இட்டுவிட வேண்டும். ஓவன் இருந்தால் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். இல்லையெனில் திருப்பித் திருப்பிப் போட்டு மூன்று நாள் வெயில். வண்ணம் காய்ந்தபின் இருபுறமும் வார்னிஷ் பூசினால்தான் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டும். இதிலுள்ள உப்பின் அளவு மிகுதி. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கும் வீட்டு நாய்க்கும் எட்டாமல் வைப்பது கட்டாயம்.

கடையில் டப்பாவாக விற்கும் ப்ளே-டோவின் பிறப்பும் இத்தகைய மாவிலிருந்துதான். சுவர்த்தாளில் படியும் நிலக்கரிப் புகைக்கரியைத் துடைக்க அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு நிறுவனம் அதைத் தயாரித்தது. வீடுகள் எரிவாயுவுக்கு மாறியபின் அதன் தேவை குறைந்தது. கே ஸுஃபால் என்னும் மழலையர் பள்ளி ஆசிரியை அதைக் குழந்தைகளிடம் கொடுத்துக் கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் செய்ய வைத்தார்; 1956-இல் அது விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது.

உண்ணும் மாவைப் பொம்மைக்குப் பிசைவதா என்று தாராவியின் ஒற்றை அறை வீட்டில் ஒரு பாட்டி கேட்டால் அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு வேளை உணவின் விலை தெரிந்தவரின் கேள்வி அது. வண்டு விழுந்த பழைய மைதாவைச் சலித்துப் பயன்படுத்தலாம். ஆகஸ்டு மாதத்துக்கோ மாவே வேண்டியதில்லை.

ஏனெனில் மாட்டுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டி, கும்பார்வாடா இருக்கிறது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் பல தலைமுறைகளாகப் பானையும் அகலும் வனையும் இடம். மறுசீரமைப்பில் தங்கள் சூளைகளும் முற்றங்களும் காக்கப்பட வேண்டும் என்று அவர்கள் நீண்டகாலமாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் பிசைந்து வைத்திருக்கும் மண்ணில் ஓர் உருண்டை கிடைத்தால் ஒரு குழந்தைக்குப் போதும். இந்த மண்ணும் மழைக்காலத்தில் மெல்லத்தான் உலரும். ஆனால் உப்புமாவைப்போல மீண்டும் ஈரத்தை இழுத்துத் தொய்வதில்லை. உள்ளங்கை அளவுக்குள் செய்து, ஒட்டும் இடங்களைக் கீறிச் சேற்றுக் குழம்பு தடவி, நிழலில் வைத்தால் வெடிப்பு குறையும். விழா முடிந்தபின் ஒரு வாளித் தண்ணீரில் கரைந்து தொட்டிச் செடிக்குப் போய்விடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளைப் பற்றி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உயர் நீதிமன்றமும் ஆண்டுக்கணக்கில் பேசிவரும் சிக்கல் இந்தச் சிறு உருவுக்கு இல்லை.

தமிழில் பானை வனையப்படுகிறது, சிலை வடிக்கப்படுகிறது, பிள்ளையாரோ பிடிக்கப்படுகிறார். கொழுக்கட்டைக்கும் இதே வினைதான். பூசைக்கு முன் மஞ்சளைக் குழைத்து அம்மா பிடித்து வைக்கும் பிள்ளையாருக்குக் கண்ணுமில்லை, தும்பிக்கையுமில்லை. விரல்கள் அழுந்திய தடமே உருவம். வினைச்சொல்லே கையைச் சுட்டும் ஒரு மொழியின் பிள்ளைகளிடம் அச்சைக் கொடுப்பது விந்தையானது. அச்சில் அழுத்திய நாற்பது கணபதிகளும் ஒரே முகத்தோடு வகுப்பறை மேசையில் அமர்ந்திருப்பார்கள். அச்சு இல்லாத வீட்டிலும் நடப்பது பெரும்பாலும் வேறன்று: குழந்தை உறங்கிய பிறகு தாயோ தந்தையோ தும்பிக்கையை நிமிர்த்தி, காதுகளைச் சமப்படுத்தி வைக்கிறார்கள். மறுநாள் பரிசு பெறுவது அந்த நள்ளிரவு வேலை.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதையைப் பெரியவர்கள் கேலியாகச் சொல்வார்கள். ஏழு வயதுக் குழந்தைக்குக் குரங்கு ஒரு குறையன்று. பள்ளிகள் பரிசை விட்டுவிட்டு, அந்த மண்ணை வகுப்பறைக்கே கொண்டுவந்து, பெற்றோர் கை படாத ஒரு மணி நேரத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். தரையைக் கழுவ இரண்டு வாளித் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும்.