10,000 டாலர் சட்டையும் 50 டாலர் ஜீன்ஸும்

சீமான் வீட்டுப் பெண்களிடையே ஒரு நாகரிகம் பரவிப் பல வருஷங்களாகின்றன. பேர்போன கம்பெனியின் பல்லாயிரம் ரூபாய் உடுப்பு ஒன்று. அதோடு சாதாரணக் கடையில் வாங்கிய மலிவு உடுப்பு ஒன்று. இரண்டையும் சேர்த்து உடுத்துவதுதான் ரசனையாம். உடையில் ஏழை பணக்காரன் பேதம் ஒழிந்துவிட்டது என்று பத்திரிகைகள் பூரித்துப் போகின்றன.

1988 நவம்பரில் அமெரிக்க 'வோக்' பத்திரிகையின் அட்டையில் ஒரு பெண்ணின் படம் வந்தது. மேலே கிறிஸ்டியன் லாக்ருவாவின் 10,000 டாலர் சட்டை, கீழே 50 டாலர் ஜீன்ஸ். படம் மாறி வந்துவிட்டதோ என்று அச்சகத்தாரே கேட்டார்களாம்! பிறகு 2004-ல் ஷனேல் கம்பெனியின் கார்ல் லாகர்ஃபெல்ட், ஸ்வீடன் நாட்டு மலிவுக் கடையான எச் அண்ட் எம்முக்கு உடுப்புகள் வடிவமைத்தார். ஜனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள்.

வாங்கட்டும். நல்ல துணி உடுத்த ஆசைப்படுவது குற்றமல்ல. தீபாவளிக்கு ஒரு நல்ல சேலை வேண்டுமென்று மில் தொழிலாளியின் மனைவி ஆசைப்படவில்லையா? துணியைக் கண்டாலே முகஞ்சுளிக்கும் தோழர்கள் நம்மிலும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நமது கேள்வி வேறு. இந்த இரண்டு உடுப்பையும் தைத்த கைகளுக்குக் கிடைத்தது என்ன?

மலிவுத் துணியை முதலில் பார்ப்போம். வங்கதேசத்தில் டாக்காவை அடுத்த சாவர் என்னும் ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடம் இருந்தது. 2013 ஏப்ரல் 23-ந் தேதி அதன் சுவர்களில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்துக் கடைகளையும் பாங்கியையும் மூடிவிட்டார்கள். தையல் தொழிலாளரை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு ஏறச் சொன்னார்கள். கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். அன்று அங்கே மாதக் குறைந்தபட்சக் கூலி 3,000 டாக்கா.

விலை உயர்ந்த சரக்கைத் தைக்கிறவர் சுகமாக இருப்பார் என்று நினைக்கிறீர்களா? 2024-ல் இத்தாலியில் மிலான் நகர நீதிமன்றம், டியோர் கம்பெனியின் உற்பத்திப் பிரிவு ஒன்றை மேற்பார்வையின் கீழ் வைத்தது. அதற்குச் சரக்கு செய்துகொடுத்த பட்டறைகளில் தொழிலாளர் வேலை செய்த இடத்திலேயே படுத்துறங்கினர். வேகம் கூட்டுவதற்காக இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றி வைத்திருந்தனர். 2,600 யூரோவுக்கு விற்ற கைப்பை ஒன்றுக்குத் தோல் முதலிய சாமான்கள் நீங்கலாகப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ! சீர்திருத்தங்கள் செய்ததாகச் சொல்லி 2025-ல் மேற்பார்வையை எடுத்துவிட்டார்கள்.

ஆக, உயர்ந்ததும் மலிந்ததும் கலப்பது உடுத்துகிறவர் உடம்பில் மட்டும்தானா? இல்லை, தைக்கிற இடத்தில் அவை என்றைக்கோ கலந்துவிட்டன.

திருப்பூர் பனியன் கம்பெனித் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அயல்நாட்டு லேபிளைத் தைப்பவரும் அவர்களே. பல கம்பெனிகளில் அந்நாட்டு விலைச்சீட்டை மாட்டிப் பெட்டியில் அடுக்குபவரும் அவர்களே. செக்கிங் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி ஒரு நாள் என்னிடம் விலைச்சீட்டைக் காட்டி, "அண்ணே, நம்ம பணத்துக்கு இது எவ்வளவு?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப ஒரு பீஸ் என் ரெண்டு நாள் சம்பளமா?" என்றாள். அன்று அவள் கை வழியாகப் போன பீஸ்கள் எத்தனை நூறோ!

ராணா பிளாசா சாவுகளுக்குப் பிறகு தொழிற்சங்கங்கள் விடவில்லை. கட்டிடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் எச் அண்ட் எம் உள்ளிட்ட பல கம்பெனிகளைக் கையெழுத்திட வைத்தன. ஆனால் கூலி? 2023-ல் வங்கதேசத் தையல் தொழிலாளர் 23,000 டாக்கா கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். சுட்டார்கள்; சிலர் மாண்டார்கள். சர்க்கார் நிர்ணயித்தது 12,500.