மின்னூலுக்கு எவ்வடிவம் ஏற்றது?

முதியோருக்கு மின்வாசிப்புக் கருவி வாங்கிக் கொடுக்க விரும்பும் பிள்ளைகள், கருவியின் விலையை நன்கு விசாரிக்கின்றனர். அதில் ஏற்றப்போகும் நூல் எவ்வடிவில் அமைந்துள்ளது என விசாரிப்போர் சிலரே. கண்ணுக்கு இதமளிப்பதும் கண்ணை வருத்துவதும் பெரிதும் அவ்வடிவத்தையே பொறுத்தன ஆதலின், இவ்வாரம் அதுபற்றிச் சிறிது ஆராய்வோம்.

பி.டி.எவ். வடிவத்தை அடோபி நிறுவனம் 1993ஆம் ஆண்டில் வெளியிட்டது. தாளில் உள்ளவாறே பக்கம் எக்கருவியிலும் தோன்றவேண்டும் என்பதே அதன் நோக்கம். படமும் அட்டவணையும் நிறைந்த பாடநூலுக்கு அஃது உகந்ததே. ஆயின், 6 அங்குலத் திரையில் பெரிய பக்கத்தை அடக்கினால் எழுத்து எள்ளளவாகிவிடும். பெருப்பித்தாலோ, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க நேரும்.

2007ஆம் ஆண்டில் பொதுநியமமாக ஏற்கப்பட்ட ஈபப் வடிவத்தின் இயல்பு வேறு. ஊற்றிய பாத்திரத்துக்கு ஏற்ப நீர் அமைவதுபோல, அதிலுள்ள எழுத்துக்கள் திரையின் அகலத்துக்கு ஏற்ப வரிகளாக அமைகின்றன. எழுத்தைப் பெரிதாக்கினும் வரி அறுபடுவதில்லை. கதை, கட்டுரை வாசிப்போருக்கு இதுவே சிறந்தது. கோபோ கருவி இதனை நேரே ஏற்கும். கிண்டில் கருவிக்கு அமேசன் நிறுவனத்தின் அனுப்பும் சேவை வழியாகச் செலுத்தலாம். அச்சேவை 2022இல் ஈபப்பை ஏற்கத் தொடங்கி, பின்னர் பழைய மொபி வடிவத்தைக் கைவிட்டது. ஆகவே, இனி மொபியைத் தேடிச் சேர்ப்பதிற் பயனில்லை.

பி.டி.எவ். நூலை ஈபப்பாக மாற்றிவிடலாமே எனச் சிலர் எண்ணுவர். தமிழ் நூல்களில் இஃது எளிதன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்தவை, மாற்றும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகச் சிதறிவிடும். 2005 முதல் ஈழத்து நூல்களைத் திரட்டிவரும் நூலகம் இணையத்தளத்தில் உள்ளவை பெரும்பாலும் பக்கங்களைப் படம்பிடித்த கோப்புக்கள். அவற்றை வாசிக்க 10 அங்குலத் திரையே வசதியானது. பெற்றோர் விரும்புவன அத்தகைய நூல்களாயின், சிறிய கருவியை வாங்கிப் பணத்தை வீணாக்கல் ஆகாது.

இன்னொன்றும் சிந்திக்கற்பாலது. விலைகொடுத்து வாங்கும் மின்னூல்கள் பல, பிறர் படியெடுக்க இயலாவண்ணம் பூட்டப்பட்டவை. மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் மின்னூற் கடையை 2019இல் மூடியபோது, வாங்கியோருக்குப் பணம் மீண்டது, நூல்களோ மறைந்தன. அலுமாரியில் உள்ள நூலைக் கடைக்காரர் வந்து எடுத்துச் செல்வதில்லை; பூட்டிய மின்னூலுக்கு அந்த உறுதி இல்லை.

எனவே, முதலில் வாசிப்பவர் விரும்பும் நூல்கள் எவை என அறிக. பின்னர் அவை கிடைக்கும் வடிவத்தைக் காண்க. கருவியை இறுதியில் தெரிவு செய்க. இயன்றவிடத்துப் பூட்டில்லாத ஈபப்பைப் பெற்று, கருவிக்கு வெளியேயும் ஒரு பிரதியைச் சேமித்து வைத்தல் நன்று. கருவி பழுதடையினும், அந்நூல் பேரப்பிள்ளைகளின் கைக்குச் சென்று சேரும்.