உங்கள் கம்ப்யூட்டருக்கு ‘ஆடி மாசம்’ எப்போது?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரை முழுக்க ஓர் அறிவிப்பு... ‘விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்’. ‘எதற்கு வம்பு’ என்று பாதிப் பேர் அதை மூடிவிடுகிறார்கள். ‘மாறாவிட்டால் கம்ப்யூட்டரே நின்றுவிடுமோ’ என்ற பயத்தில் மீதிப் பேர் உடனே ‘சரி’ கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள்தான். எப்போது மாறுவது என்று கொஞ்சம் கணக்குப் போட்டால், காசும் மிச்சம், தலைவலியும் மிச்சம்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுவோம். 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதனால் உங்கள் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. வேர்டு திறக்கும், பாட்டு பாடும், பிரின்ட் வரும். ஆனால், விண்டோஸில் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்க ஆள் வர மாட்டார். வாட்ச்மேன் வேலையை விட்டுப்போன அபார்ட்மென்ட் மாதிரிதான். திருடன் நாளைக்கே வந்துவிட மாட்டான். ஆனால், எத்தனை நாளைக்குத் தைரியமாகத் தூங்க முடியும்?

தள்ளிப்போட்டால்..?

2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் உலகத்தையே ஆட்டிவைத்தது நினைவிருக்கலாம். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களைப் பூட்டிவிட்டு, ‘பணம் கொடு’ என்று மிரட்டும் வைரஸ் அது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகளே தள்ளிப்போயின. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே கொடுத்திருந்தது. சிக்கியவர்களில் பெரும்பாலானோர் விண்டோஸ் 7 வைத்திருந்து, அந்த அப்டேட்டைப் போடாமல் விட்டவர்கள்.

முதல் நாளே பாய்ந்தால்..?

அதிலும் சிக்கல் உண்டு. 2018 அக்டோபர் 2-ம் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய புதிய பதிப்பு வந்தது. ஆர்வமாக உடனே போட்டவர்களில் சிலருடைய டாக்குமென்ட்களும் போட்டோக்களும் காணாமல் போயின. நான்கே நாள்களில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, சரிசெய்து, நவம்பர் 13-ம் தேதிதான் மறுபடி வெளியிட்டது. ஒன்றரை மாதம் பொறுத்திருந்தவர்களுக்கு ஒரு சேதமும் இல்லை.

இந்த இரண்டு சம்பவங்களும் சேர்ந்து ஒரு எளிய விதியைச் சொல்கின்றன. மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட்டை வந்தவுடன் போட்டுவிடுங்கள். புதிய பதிப்பையும் புதிய விண்டோஸையும் கொஞ்சம் ஆறவிட்டுப் போடுங்கள். பழையதற்குப் பாதுகாப்பு நிற்கும் தேதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

ஆடி மாசக் கணக்கு

எங்கள் சித்தப்பா டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வரும்படி. “ஏம்மா, விண்டோஸ் மாத்தச் சொல்லி தினமும் கேட்குது, மாத்திடலாமா?” என்று ஒரு முகூர்த்த சீசனில் போன் செய்தார். அவர் பயன்படுத்தும் பேஜ்மேக்கரின் கடைசி முக்கியப் பதிப்பு வந்தது 2001-ல். கூடவே பழைய தமிழ் ஃபான்ட்கள், பழைய பிரின்டர். எது ஓடும், எது ஓடாது என்று மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். “ஆடி வரட்டும் சித்தப்பா. அப்போ கல்யாணம் இருக்காது, ரெண்டு நாள் கடை நின்னாலும் பரவாயில்லை” என்றேன். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

எல்லோருடைய வேலையிலும் இப்படி ஓர் ‘ஆடி மாசம்’ உண்டு. பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது தேர்வு முடிந்த பிறகு. ஆடிட்டர் ஆபீஸுக்கு மார்ச், ஜூலை இரண்டும் ஆகாது. ஜவுளிக்கடை பில்லிங் கம்ப்யூட்டரைத் தீபாவளிக்கு முன்பு தொடவே கூடாது. இரண்டு நாள் கம்ப்யூட்டர் இல்லாமல் சமாளிக்க முடிகிற வாரம்தான் உங்களுக்கான நல்ல நாள்.

உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா?

விண்டோஸ் 11-க்கு குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், ‘டிபிஎம் 2.0’ என்ற பாதுகாப்பு வசதி ஆகியவை வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால், பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் கிடைத்த லேப்டாப்கள் இதில் தேறாது. உங்களுடையது தேறுமா என்பதை மைக்ரோசாஃப்ட் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவச புரோகிராமே சொல்லிவிடும்.

தேறவில்லையா? உடனே புது லேப்டாப்புக்கு இஎம்ஐ போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 வைத்திருப்பவர்கள், செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதிக்குப் போய் ‘நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு’க்குப் பதிவு செய்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை பேக்கப் செய்ய அனுமதித்தால், இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. இந்த அவகாசத்துக்குள் உங்கள் ஆடி மாசமும் வந்துவிடும், புதிது வாங்கப் பணமும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரவுசிங், யூடியூப், கடிதம் டைப் செய்வது இவ்வளவுதான் வேலை என்றால், ‘லினக்ஸ் மின்ட்’ போன்ற இலவச ஓ.எஸ். போட்டுப் பழைய கம்ப்யூட்டரை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். ‘தேறாத கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்’ என்று சில கடைகளில் சொல்வார்கள். போட முடியும்தான். ஆனால், அப்படிப் போட்டால் அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்?

மாறும் நாளில்...

* போட்டோ, வீடியோ, கணக்கு ஃபைல்கள் எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நான்கைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

* பிரின்டர், டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவை புதிய விண்டோஸில் ஓடுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

* லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இருப்பது நல்லது. பாதியில் கரன்ட் போனால் சிக்கல்.

* விண்டோஸ் 10-லிருந்து அப்படியே 11-க்கு மாறியவர்கள், பிடிக்கவில்லை என்றால் வழக்கமாக 10 நாள்களுக்குள் பழையதற்கே திரும்பலாம். செட்டிங்ஸில் ‘ரிக்கவரி’ பகுதியில் அந்த வசதி இருக்கும். அதனால் வழக்கமாகச் செய்யும் எல்லா வேலைகளையும் அந்த 10 நாளுக்குள் ஒருமுறை செய்து பாருங்கள். அதுவரை ‘பழைய விண்டோஸ் ஃபைல்கள்’ இடத்தை அடைக்கின்றன என்று அழித்துவிடாதீர்கள். அவை போனால் திரும்பும் வழியும் போய்விடும்.

இன்று ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். வீட்டு காலண்டரில் 2026 அக்டோபர் 13-ஐ வட்டமிடுங்கள். அதற்கு முன்னால், உங்களுக்கு வேலை குறைவாக இருக்கும் ஒரு சனி, ஞாயிறைத் தேடி இன்னொரு வட்டம் போடுங்கள். அடுத்த முறை அந்த அறிவிப்பு வந்தால், பதறாமல் மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.