சூடேறினால் நிற்கும் கார்

தோட்டம் கைமாறியபோது கிடைத்த இழப்பீட்டில் அப்பா வாங்கிய கார். வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. "வித்துடலாம்பா" என்றாலே முகம் வாடிவிடுவார். வாரத்தில் மூன்று நாள் பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போவதும் அதில்தான்.

ஒருநாள் மதியம், சமிக்ஞை விளக்கை நெருங்கும்போது இன்ஜின் பட்டென்று அணைந்தது. பின்னால் லாரி. காரை எப்படியோ ஓரம் கட்டினேன். அம்மா ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல் ஓடியது.

பட்டறைக்குக் கொண்டுபோனால் கார் நல்ல பிள்ளையாகிவிடும். பிளக் மாற்றினார்கள், பேட்டரி மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப்பும் மாற்றினார்கள். பணம் கரைந்ததே தவிர, நோய் தீரவில்லை.

வழி சொன்னவர் அம்மா. ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்னும் பின்னும் எடையும் இரத்த அழுத்தமும் எழுதுகிற நோட்டு அவரிடம் உண்டு. "எனக்கு எழுதி வைக்கிற மாதிரி காருக்கும் எழுதி வையேன்யா" என்றார்.

எழுதினேன். இரண்டு வாரத்தில் ஐந்து முறை நின்றது. ஐந்தும் அரைமணி நேரம் ஓடிய பிறகு, வெயிலில். காலையில் ஒருமுறைகூட இல்லை, மழையிலும் இல்லை. பெட்ரோல் நிறைய இருந்தபோதும் நின்றது, குறைவாக இருந்தபோதும் நின்றது. இன்னொன்றையும் கவனித்தேன். கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே, இன்ஜின் வேகம் காட்டும் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது.

அந்த முள்தான் துப்பு. பெட்ரோல் வரத்து குறைந்தால் இன்ஜின் பெரும்பாலும் திணறி, குலுங்கி, பிறகுதான் சாகும். விளக்கை அணைத்ததுபோல் நின்று முள்ளும் விழுந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தீப்பொறி தரும் மின்சுற்றை.

நோட்டைப் படித்த வேறொரு மெக்கானிக், டிஸ்ட்ரிபியூட்டரை ஹேர் டிரையரால் சூடாக்கினார். சில நிமிடத்தில் தீப்பொறி நின்றது. ஆறியதும் திரும்பி வந்தது. உள்ளே இருந்த இக்னைட்டர் என்ற சிறிய மின்னணுப் பாகம், சூடேறினால் செயலிழந்துகொண்டிருந்தது. குளிர்ந்த நிலையில் சோதித்தால் எப்படிக் குறை தெரியும்?

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள தலைவலி அல்ல. டிஸ்ட்ரிபியூட்டரில் பொருத்திய பற்றவைப்புப் பாகம் சூட்டில் பழுதாகிக் கார்கள் நடுவழியில் நிற்கின்றன என்ற வழக்கில், 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியா நீதிபதி ஒருவர் சுமார் 17 லட்சம் ஃபோர்டு வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது.

உங்கள் பழைய காரும் இப்படி நின்றால், பொருள் மாற்றும் முன் நோட்டு எடுங்கள். மழையில் மட்டும் நின்றால் பிளக் வயர்களையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பாருங்கள். விளக்கில் காத்திருக்கும்போது மட்டும் அணைந்தால், காற்று போகும் திராட்டில் பகுதியில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். குழியில் இறங்கும்போது நின்றால் பேட்டரி முனைகளையும் எர்த் வயரையும் அசைத்துப் பாருங்கள். நின்ற உடனே சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பிக் காது கொடுங்கள். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் பலவற்றில் பம்ப் ஓரிரு விநாடி முனகும். சத்தமே இல்லையென்றால் பம்ப், ரிலே, ஃபியூஸ் பக்கம் தேடலாம்.

ஓடும்போது நின்றால் பதற வேண்டாம். அபாய விளக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு மாற்றி, இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஸ்டீயரிங் கனக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், சில மிதிகளில் அது இறுகிவிடும். ஒரே சீராக அழுத்துங்கள். கார் நிற்கும்வரை சாவியை உருவவே கூடாது. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

இக்னைட்டரை மாற்றிய பிறகு கார் நிற்கவில்லை. ஆனாலும் அப்பா நோட்டை மூடவில்லை. அம்மாவின் நோட்டுக்குப் பக்கத்திலேயே காரின் நோட்டையும் வைத்திருக்கிறார்.